பட்டாணிப் பாத்தியும் உப்புப் பாத்தியும்

1856-ஆம் ஆண்டில் வியன்னா மாநகருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதச் சென்ற குருவானவர் ஒருவர், தேர்வை முடிக்க மாட்டாமல் உடல்நலம் குன்றித் தம் மடத்திற்குத் திரும்பினார். அது அவருக்கு இரண்டாம் தோல்வி. 1850-இல் எழுதிய முதல் தேர்விலும் அவர் தேறவில்லை. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் பள்ளியில் பாடம் நடத்தியதுண்டு. எனினும் இறுதிவரை தகுதிச் சான்று பெறாத தற்காலிக ஆசிரியராகவே இருந்தார். அதே 1856-இல் மடத்துத் தோட்டத்தில் அவர் தொடங்கிய பட்டாணி ஆய்வுதான் மரபியல் என்னும் அறிவுத்துறைக்கு அடிப்படை ஆயிற்று. அவர் பெயர் கிரகோர் மெண்டல்.

மெண்டல் துறவி என்பதை நம்மவர் அறிவர். கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அறிவியலுக்கும் பகையில்லை என்று காட்ட வேண்டிய இடங்களிலெல்லாம் அவர் பெயரை நாம் எடுத்தாள்வதும் வழக்கம். அவர் பள்ளிப் பிள்ளைகளின் ஆசிரியர் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். இக்கட்டுரையில் நாம் பேச விரும்புவது அந்த ஆசிரியரைப் பற்றியே. மரக்காணத்திற்குத் தெற்கே, புதுவை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பள்ளிவாசலும் மீனவர் குப்பமும் அருகருகே அமைந்த கூனிமேடு போன்றதோர் ஊரில், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு மரபியலைக் கையால் செய்து பார்க்கும் பாடமாகக் கற்பிக்க இயலுமா? விலையுயர்ந்த கருவி இல்லாமல் முடியாது என்பார் உளர். அத்துறை பிறந்த வரலாற்றை அறிந்தவர் அப்படிச் சொல்லார்.

மெண்டல் 1822-இல் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அன்று புரூன் என்றும் இன்று பிர்னோ என்றும் வழங்கும் நகரில், நம் மயிலைத் தோமையாரின் பெயர் தாங்கிய அகுஸ்தினார் மடத்தில் 1843-இல் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் நோயாளிகளைச் சந்திக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. பிறர் படும் வேதனையைக் கண்டவுடன் அவரும் நோயில் விழுந்தார். மடத்து அதிபர் சிரில் நாப் இதனைக் குறையாகக் கருதிக் கடிந்துகொள்ளவில்லை; இவர் பங்குப் பணிக்கு ஏற்றவரல்லர், பள்ளிப் பணிக்கு ஏற்றவர் என்று கண்டு, கற்பிக்க அனுப்பினார். முதல் தேர்வில் தோற்றபோதும் கைவிடாமல், 1851 முதல் 1853 வரை வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பயிலச் செய்தார். மேலாளர் ஒருவர் தமக்குக் கீழுள்ளவரின் இயல்பறிந்து இடம் கொடுத்ததால் உலகம் அடைந்த பயன் எத்தகையது என்பதை நம் நிறுவனங்களின் தலைவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

1854 முதல் 1868 வரை மெண்டல் புரூன் நகரப் பள்ளியில் இயற்பியலும் இயற்கை வரலாறும் கற்பித்தார். பிள்ளைகளை மடத்துத் தோட்டத்திற்கு அழைத்துவந்து செடிகளையும் தேனீக்களையும் காட்டினார் என்று அவரிடம் பயின்றோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். அத்தோட்டத்தில் மடத்துச் சன்னல்களின் கீழ் 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலமே அவருடைய பட்டாணிப் பாத்தி. ஆய்வகம் என்று சொல்லத் தக்கது அவ்வளவே. ஓர் இடுக்கி, ஒரு மென்தூரிகை, பூவை மூடிக் கட்டச் சிறு பைகள், எழுதிவைக்க ஏடு. மொட்டு முதிருமுன் பிரித்து மகரந்தப் பைகளை நீக்கிவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, வண்டும் பூச்சியும் தீண்டாதபடி கட்டிவைத்தார். நுட்பம் தேவைதான், ஆனால் மல்லிகை தொடுக்கும் விரல்களுக்கும், வலையின் கண்ணியைப் பழுதுபார்க்கும் விரல்களுக்கும் எட்டாத நுட்பமன்று.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் உருண்டையாகவே வந்தது. சுருக்கம் அழிந்துவிட்டதோ? அவர் அந்தக் கலப்பினச் செடிகள் 253-ஐத் தற்சேர்க்கையில் விட்டு, அவற்றில் விளைந்த விதைகளை எண்ணினார். மொத்தம் 7,324. அவற்றில் உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. மறைந்த பண்பு மீண்டும் தோன்றிற்று. அதுவும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் தோன்றிற்று. விதையின் உள்நிறத்திலும் அதே கதை: மஞ்சள் 6,022, பச்சை 2,001.

பாடநூல்கள் இந்த மூன்றுக்கு ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் மெண்டல் தம் கட்டுரையில் வேறொன்றையும் மறைக்காமல் எழுதிவைத்தார். ஒரு செடியில் உருண்டை 43, சுருங்கியவை வெறும் 2. மற்றொரு செடியிலோ உருண்டை 14, சுருங்கியவை 15. அந்த இரண்டாம் செடியை மட்டும் பார்த்தவர், பாதிக்குப் பாதி என்று விதி எழுதியிருப்பார். முதற்செடியை மட்டும் பார்த்தவர் சுருக்கமே அருகிவிட்டது என்றிருப்பார். தனித்தனிச் செடியில் தற்செயல் ஆடுகிறது. ஆயிரக்கணக்கில் கூட்டும்போது ஒழுங்கு தெரிகிறது. மரபியலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பது நம் எண்ணம். கரும்பலகையில் கட்டம் போட்டு மூன்றுக்கு ஒன்று என்று எழுதிக் காட்டினால் இது விளங்காது. நாற்பது பிள்ளைகள் எண்ணி, நாற்பது விடைகள் வேறுவேறாக வந்து, அவற்றைக் கூட்டியபின் வியந்து நின்றால் விளங்கும்.

1865 பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய நாள்களில் புரூன் இயற்கை அறிவியல் கழகத்தில் மெண்டல் தம் முடிவுகளைப் படித்தார். கூட்டம் நடந்ததும் அவர் கற்பித்த பள்ளிக் கட்டடத்தில்தான். அடுத்த ஆண்டு கட்டுரை அச்சேறியது. கேட்டோர் வினா எழுப்பவில்லை, படித்தோர் பொருட்படுத்தவில்லை. 1868-இல் அவர் மடத்து அதிபரானார். பிற்பாடு மடங்களுக்கு அரசு விதித்த வரியை எதிர்த்து வாதாடுவதிலேயே ஆண்டுகள் கழிந்தன. 1884 சனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, இறைவனடி சேர்ந்தார். 1900-இல் டி விரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்னும் மூவர் தனித்தனியே அதே உண்மையை எட்டிய பிறகே உலகம் அவர் கட்டுரையைத் தேடிப் படித்தது. 1936-இல் ஃபிஷர் என்னும் ஆங்கிலேயப் புள்ளியியலார், மெண்டலின் எண்கள் விதியோடு மிகையாகப் பொருந்துகின்றனவே என்று ஐயமும் எழுப்பினார். அந்த வழக்கு அறிஞரிடையே நெடுநாள் நடந்தது. பிள்ளைகளின் ஆய்வேட்டை மேற்பார்க்கும் ஆசிரியர்க்கு அதில் ஒரு செய்தி உண்டு: விடை மிக அழகாக வந்தால் பாராட்டுமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மரபியலுக்கு இரண்டாவது பிறப்பிடம் ஒன்றுண்டு. அது ஒரு சமையலறை. செர்மனியின் தூபிங்கன் நகரக் கோட்டையில், பழைய அடுக்களையாயிருந்த வளைவு மண்டபத்தில், பிரீட்ரிக் மீஷர் என்னும் இருபத்தைந்து வயது சுவிட்சர்லாந்து இளைஞர் 1869-இல் ஆய்ந்துகொண்டிருந்தார். அருகிலிருந்த மருத்துவமனையிலிருந்து சீழ் படிந்த கட்டுத்துணிகளை வாங்கிவந்து, உப்புக் கரைசலில் அலசி, வெள்ளணுக்களைப் பிரித்தார். பன்றியின் இரைப்பைச் சாற்றால் புரதத்தைக் கரைத்துவிட்டு, அணுக்களின் உட்கருவில் புரதமல்லாத ஒரு புதுப்பொருள் இருப்பதைக் கண்டார். அதற்கு நூக்ளின் என்று பெயரிட்டார். நாம் இன்று டி.என்.ஏ. என்று அழைப்பது அதையே. பின்னர்ப் பாசல் நகருக்குச் சென்றபோது ரைன் ஆற்றுச் சால்மன் மீன்களின் விந்திலிருந்து அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தார். மரபுச் செய்தியைச் சுமப்பது அதுவே என்று ஏவரியும் அவர் தோழர்களும் 1944-இல் காட்டியதும், 1953-இல் வாட்சனும் கிரிக்கும் ரோசலிண்ட் பிராங்க்ளினின் எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையோடு அதன் இரட்டைச் சுருள் அமைப்பை விளக்கியதும் பலரும் அறிந்தவை. சீழ்த்துணியும் மீன்விந்தும் அவ்வளவாக அறியப்படவில்லை.

இத்துறை நம் நாட்டுக்கு வந்ததும் வயல் வழியாகத்தான். கோயம்புத்தூரில் 1912-இல் தோன்றிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் சாறுள்ள கரும்பையும் காட்டில் வளரும் பேய்க்கரும்பையும் கலந்து, கோ 205 முதலிய இனங்களை உண்டாக்கினர். தலச்சேரியில் பிறந்து சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற ஜானகி அம்மாள், அந்நிலையத்திலே கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1945-இல் டார்லிங்டன் என்பாருடன் சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். சென்னையில் படித்த ஒரு பெண் உலக அறிஞர் வரிசையில் நின்ற அக்காலத்திலும், அதற்குப் பின்னரும், நம் பள்ளிகளில் மரபியல் மேல் வகுப்புப் பாடமாகவே ஒதுங்கிக்கொண்டது. இன்றும் தமிழகப் பாடத்திட்டத்தில் மெண்டல் பத்தாம் வகுப்பில்தான் வருகிறார். பொதுத்தேர்வு நெருக்கும் அந்த ஆண்டில் பட்டாணியை எண்ணிப் பார்க்க எவருக்கு நேரம்?

மெண்டலைப் போலவே எளிய முறையில் எண்ணி, நம் கடற்கரைக்கு மிக அணுக்கமான ஓர் ஆய்வைச் செய்தவர் டி. அந்தோணி டேவிஸ். கேரளத்தின் காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், தென்னையின் மட்டைகள் தண்டைச் சுற்றிச் சுழன்றேறும் திசையைக் கவனித்தார். சில மரங்களில் அது இடஞ்சுழி, சிலவற்றில் வலஞ்சுழி. ஏறத்தாழ இரண்டும் சமம். இது பெற்ற மரத்திலிருந்து பிள்ளை மரத்திற்கு வருமா? இடஞ்சுழியோடு இடஞ்சுழி, வலஞ்சுழியோடு வலஞ்சுழி, ஒன்றோடு மற்றொன்று என்று கலந்து, கன்றுகளை எண்ணினார். எவ்வகைக் கலப்பாயினும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி இடம், பாதி வலம். அப்பண்பு மரபுவழி வருவதில்லை என்பதே முடிவு. இங்கிலாந்தை விட்டு 1957-இல் இந்தியாவுக்குக் குடிவந்த புகழ்பெற்ற மரபியலார் ஹால்டேன், இத்தகைய ஆய்வையே பெரிதும் ஊக்குவித்தார். பெருங்கருவி வேண்டாம், கண்ணும் பொறுமையும் போதும் என்பது அவர் கொள்கை. டேவிசைக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வரவழைத்தார். தாம் ஆசிரியராயிருந்த மரபியல் ஆய்விதழில் 1962-இல் அவர் கட்டுரையை வெளியிட்டார். இடஞ்சுழி மரங்கள் சற்று மிகுதியாகக் காய்ப்பதையும் டேவிஸ் கண்டறிந்தார். பின்னாளில் நாகர்கோவிலில் ஹால்டேன் பெயரைத் தாங்கிய ஆய்வு மையத்திலிருந்து அவர் பணி தொடர்ந்தது. கூனிமேட்டுப் பிள்ளையொன்று தன் ஊர்த் தென்னைகளை இடம், வலம் என்று எண்ணத் தொடங்குமானால், அது ஆய்விதழில் ஏறிய ஓர் உண்மையையே மறுபடி சோதிக்கிறது. காசு ஒன்றும் செலவில்லை.

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் அறிவியலைச் செய்முறையாகக் கொண்டுசெல்லும் முயற்சி நம் நாட்டில் முன்பே நடந்ததுதான். மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் பதினாறு அரசு நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கிற்று. தொடங்கியவர்களுள் ஒருவரான அனில் சத்கோபால் மூலக்கூறு உயிரியல் பயின்று, பம்பாயின் டாட்டா ஆய்வுக்கழகத்தை விட்டுக் கிராமத்துக்கு வந்தவர். கிஷோர் பாரதியும் ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையமும் அதை நடத்தின. 1982-இல் பிறந்த ஏகலைவ்யா நிறுவனம் பின்னர்ப் பொறுப்பேற்றது. அங்கே பாடநூல் விடை சொல்லவில்லை, வினா கேட்டது. காசு சுண்டியும் பகடை உருட்டியும் வாய்ப்பு என்பதன் இயல்பைப் பிள்ளைகளே கண்டறியும் பாடம் அதில் இருந்தது. மரபியலுக்கு அதைவிடச் சிறந்த வாயில் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியிருந்த அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்ததை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

அயல்நாட்டில், நியூயார்க்கை அடுத்த கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில், ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் 1988-இல் டி.என்.ஏ. கல்வி மையம் தொடங்கப்பட்டு, பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகத்திலேயே மரபணுவைக் கையாளக் கற்றனர். நம்மிடையே 1987 முதல் ‘துளிர்’ இதழும், 1993 முதல் குழந்தைகள் அறிவியல் மாநாடும், தாய்மொழியில் ஆய்ந்து எழுத இடம் அளித்துவந்துள்ளன. 2022 நவம்பரில் தமிழக அரசு ‘வானவில் மன்றம்’ என்ற பெயரில் 13,210 அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நடமாடும் அறிவியல் ஆய்வகத்தைத் தொடங்கியது. எனவே வாசல் திறந்தேயுள்ளது. அதன் வழியே மெண்டலும் மீஷரும் உள்ளே வர வேண்டும்.

கூனிமேட்டில் அவர்கள் எப்படி வருவார்கள் என்று பார்ப்போம். கடற்கரையில் விற்கும் சுண்டலுக்குரிய பட்டாணியில் மெண்டல் ஆய்ந்த பண்பே கண்முன் இருக்கிறது. தோலை உரித்தால் ஒன்றில் பருப்பு மஞ்சள், மற்றொன்றில் பச்சை. (சில கடைகளில் சாயமேற்றிய பட்டாணி வருகிறது, நீரில் ஊறவைத்தால் குட்டு வெளிப்படும். அதுவும் நல்ல பாடந்தான்.) வெப்பம் மிகுந்த கடற்கரையில் பட்டாணிச் செடி செழித்து வளர்வது அரிது. ஆகவே கலப்பைச் செடியில் செய்யாமல் இரண்டு பானைகளில் செய்யலாம். ஒவ்வொரு பானையிலும் நூறு புளியங்கொட்டைகள். அவற்றில் பாதிக்குச் சுண்ணாம்பு தடவி உலர்த்தியிருக்கும். தந்தைச் செடி ஒரு பானை, தாய்ச்செடி ஒரு பானை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கொட்டை எடுத்துச் சோடி சேர்த்துப் பார்த்துவிட்டு, திரும்பப் போட்டுக் கலக்க வேண்டும். ஒரு கறுப்பேனும் இருந்தால் உருண்டை. இரண்டும் வெள்ளையானால் சுருக்கம். நாற்பது பிள்ளைகள் பத்துப் பத்து முறை எடுத்தால், இருவருக்கேனும் பத்தும் உருண்டையாகவே வரக்கூடும். சிலருக்குப் பாதிக்குப் பாதி வரும். நானூறையும் கூட்டினால் முந்நூறுக்கும் நூறுக்கும் அருகில் வந்து நிற்கும். மெண்டலின் 43-க்கு 2, 14-க்கு 15 என்னும் எண்களை அப்போது சொன்னால், பிள்ளைகள் அவரைத் தங்களுள் ஒருவராகவே கொள்வர்.

மீஷரின் அடுக்களைக்கு வேண்டியதெல்லாம் இன்னும் எளிது. கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் சிறிது பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலும் கலந்து சேர்த்து, நுரை எழாமல் கலக்கித் துணியில் வடிகட்ட வேண்டும். குளிர்ந்த ஸ்பிரிட்டைக் கண்ணாடிக் குவளையின் பக்கவாட்டில் வழியவிட்டால், இரண்டு நீர்மங்களும் சந்திக்கும் எல்லையில் வெண்ணிற நூலிழைகள் மெல்ல எழும். ஈர்க்குக் குச்சியால் அவற்றைச் சுற்றி எடுக்கலாம். கோடிக்கணக்கான அணுக்களின் டி.என்.ஏ. திரண்டு நிற்பதே அக்காட்சி. பழத்தின் பிற பொருள்கள் சிலவும் அதனோடு ஒட்டியிருக்கும். சோப்பு உயிரணுவின் கொழுப்புச் சவ்வைக் கரைக்கிறது. உப்பு என்ன செய்கிறது? டி.என்.ஏ. இழைகள் எதிர் மின்னேற்றம் உடையவை, ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடியம் அந்த விலக்கலைத் தணிக்கிறது. அதனால் இழைகள் நெருங்கித் திரள்கின்றன. ஸ்பிரிட்டில் கரையமாட்டாமல் வெளிவந்து கண்ணுக்குத் தெரிகின்றன. உப்பு இல்லையேல் காட்சியும் இல்லை.

மரக்காணத்து உப்பளங்களில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து வாரும் கைகளைப் பிள்ளைகள் நாளும் காண்கின்றனர். அந்த உழைப்பாளரின் மக்கள், தாயும் தந்தையும் வாரிய உப்பைக் கொண்டே உயிரின் இழையைப் பார்க்கும்போது, அறிவியல் தொலைநாட்டுப் பொருளாகத் தோன்றாது. ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்தத் துயரம் ஆறாத கரையில் ஸ்பிரிட் குப்பி ஆசிரியரின் கையை விட்டு அகலவே கூடாது. அது ஏன் நஞ்சு என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இத்தனை அவசரமாக மரபியல் எதற்கு என்று கேட்பார்க்கு நம் வீடுகளையே மறுமொழியாகக் காட்டலாம். பெண்குழந்தை பிறந்தால் தாயைப் பழிக்கும் நாவு இன்னும் ஓயவில்லை. தமிழக அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர நேர்ந்த நாடு இது; கருவில் பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் நாடாளுமன்றம் சட்டமியற்ற நேர்ந்த நாடு இது. ஆனால் 1905-இலேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, மாவுப்புழு வண்டின் அணுக்களை உருப்பெருக்கியில் பார்த்து, ஆண்பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் ஆணின் விந்துவழி வருவதைக் கண்டறிந்துவிட்டார். மனிதருக்கும் அதுவே பொருந்தும். தாய் தருவது எப்போதும் எக்ஸ். தந்தை தருவது எக்ஸ் அல்லது ஒய். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் நான்கு முறை காசு சுண்டட்டும். தலை விழுந்தால் பெண், பூ விழுந்தால் ஆண். நான்கும் பெண்ணாக வருவது பதினாறில் ஒன்று. நாற்பது பேரில் இரண்டு மூன்று பேருக்கு வரக்கூடும். நான்கு பெண்களைப் பெற்றவள் யாதொரு குற்றமும் செய்யவில்லை என்பதை அந்தப் பையன்கள் தங்கள் கைக்காசிலேயே காண்பர். மணமான பிறகு அறிவுரை கூறுவதைவிட, மீசை அரும்புமுன் காசு சுண்டச் சொல்வது மேல்.

உறவுமுறைத் திருமணம் மற்றொன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று மணப்பது எல்லாச் சமயத்தாரிடமும் இங்கு வழக்கமாயிருந்து வருகிறது. நம் திருச்சபைச் சட்டத்தின் 1091-ஆம் எண் இந்த இரத்த உறவைத் தடையாக வைத்திருக்கிறது. விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிப்பதோ வழக்கமாகிவிட்டது. ஏன் தடை என்று விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு எவரும் விளக்குவதில்லை. மறைந்திருக்கும் வெள்ளைக் கொட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சோடி சேர்வதே காரணம். தாய்மாமன் மணத்தில் பிறக்கும் குழந்தை, ஒரே மூதாதையின் ஒரே மரபுக்கூற்றை இரட்டையாகப் பெறும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மாமன் மகளை மணந்தால் பதினாறில் ஒன்று. அக்கூறு நோய் தருவதாயின் குழந்தைக்கு நோய். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதும் உண்மை. அதனால்தான் இதை அச்சுறுத்தலாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்ல வேண்டும்.

சாதிப் பெருமை பேசுவோரும் ‘இரத்தம்’ என்னும் சொல்லையே துணைக்கு அழைப்பர். ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜும் அயல்நாட்டு அறிஞரும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டு மக்கட்கூட்டங்கள் பெருமளவில் தம்முள் கலந்தன. அகமண வேலி அதன் பிறகே எழுந்தது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பிய நம் சமூகம் இந்த எண்களைச் சற்று நிதானித்துப் படிக்கலாம்.

ஆனால் இதே மரபியலைக் கவனமின்றிக் கற்பித்தால் தீங்கும் விளையும். நாக்கின் ஓரங்களைக் குழல்போல் மடிக்க வருகிறதா, பெற்றோருக்கு வருகிறதா என்று கேட்டு எழுதிவரச் சொல்வது பல பள்ளிகளில் வழக்கம். 1940-இல் ஸ்டர்டிவன்ட் என்னும் அறிஞர் அதனை மரபுப்பண்பு என்று எழுதியதால் பரவிய பழக்கம் இது. 1952-இல் உருவொத்த இரட்டையர் 33 சோடிகளைச் சோதித்தபோது 7 சோடிகளில் ஒருவருக்கு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. தம் கருத்து இன்னும் நூல்களில் இடம்பெறுவது தமக்கு நாணமளிப்பதாகப் பிற்பாடு ஸ்டர்டிவன்டே எழுதினார். பாடநூல்கள் கேட்கவில்லை. அப்பனுக்கும் அம்மாவுக்கும் வராதது எனக்கு எப்படி வந்தது என்று ஒரு சிறுமி இரவெல்லாம் விழித்திருந்தால் அதற்கு யார் பொறுப்பு? 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையால் உற்றாரை இழந்த குடும்பங்கள் வாழும் கரை இது. சிற்றப்பன் வீட்டிலும் பாட்டியின் நிழலிலும் வளரும் பிள்ளைகளும், தத்தெடுத்து வளர்க்கப்படும் பிள்ளைகளும் எந்த வகுப்பிலும் இருப்பர். அவர்களை வீட்டுக்கு அனுப்பிப் பெற்றோரின் காதுமடலையும் நாக்கையும் ஆராயச் சொல்லலாகாது. பட்டாணியை எண்ணினால் எவர் மனமும் புண்படாது. தென்னையை எண்ணினால் எவர் பிறப்பும் ஐயத்துக்கு உள்ளாகாது.

பானையும் புளியங்கொட்டையும் ஒரு பாடவேளையில் முடியும். வாழைப்பழத்திற்கு இரண்டு பாடவேளை வேண்டும். தென்னைக் கணக்கு ஓர் ஆண்டுக்கு நீளலாம். ஆறாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளை எட்டாம் வகுப்பை முடிக்கும்போது கூனிமேட்டிலிருந்து மரக்காணம் வரை சாலையோரத் தென்னைகள் அனைத்தையும் ஏட்டில் ஏற்றியிருக்கக் கூடும். பாடத்திட்டம் முடியவில்லையே என்று பதறும் ஆசிரியரிடம் மெண்டலின் தொடக்கத்தை மட்டும் சொல்லிவைக்கிறோம். விதைக்கடைகளில் அவர் வாங்கியவை 34 வகைப் பட்டாணிகள். கலப்பு எதையும் தொடங்குமுன், ஒவ்வொரு வகையும் தன் இயல்பு மாறாமல் விளைகிறதா என்று பார்ப்பதற்கே இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அவற்றுள் 22 வகைகளே அவர் பாத்தியில் நிலைத்தன.